அசைவுக்கு ஒரு புள்ளி

பழனியாண்டவர் துணை

வெள்ளகோவில்
9-9-2024

அன்புள்ள அம்மணி சண்முகப்பிரியாவுக்கு உன் நங்கையா ரங்கநாயகி எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கண்ணன், மாடு ரெண்டு, கன்னு ஒண்ணு எல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கற உயிரும் சுகமா இருக்கோணும்னு தினம் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கறேன்.

போன் இருக்கும்போது எதுக்குக் கடுதாசின்னு சிரிக்காதே. ஞாயித்துக்கிழமை நீ பேசினபோது பல் விளக்கினா ஈறுல ரத்தம் வருதுன்னு சொன்னே. நான் "ம்"னு சொல்லிப்போட்டு மழையைப் பத்திக் கேட்டேன். உங்கண்ணன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு. பல்லுங்கற பேச்சு காதுல விழுந்தா எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிருவாரு, அன்னைக்குச் சோறு இறங்காது. அதனால இது நம்ம ரெண்டு பேருக்குள்ள எழுத்துலயே இருக்கட்டும்.

அது நடந்தபோது உனக்குப் பதினோரு வயசு. எனக்கு வயித்துல ஆறு மாசம். கடவாப்பல்லு வலின்னு உங்கண்ணன் மொபெட்டுல உட்கார வச்சுக் கூட்டிப்போயி பல்லை எடுத்துக் கூட்டியாந்தாரு. மூணாம் நாள் ஆடிப்பெருக்கு. ஆஸ்பத்திரியில புள்ளை உயிரோட இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு உண்டாகவே இல்லை. மாசமா இருக்கறவ பல்லு டாக்டர் வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னு உங்கம்மா கருப்பாத்தாள் கண்ணை மூடற வரைக்கும் சொன்னாங்க. இப்போ சொல்றதுக்கு நான்தான் மிச்சம். ரத்தம் வந்தா உப்புத் தண்ணியில கொப்புளி. வலிச்சா கிராம்பு கடி. வேற எதுவும் வேண்டாம்.

உனக்காகப் பழனி போயி வேண்டிக்கிட்டு வந்தேன். பஞ்சாமிர்தம் ரெண்டு டப்பா பார்சல்ல வருது. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சு ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், படுக்கப் போறதுக்கு முன்னால ஒரு கரண்டி. பிரசாதம் தின்ன வாயைக் கொப்புளிச்சுத் துப்பக்கூடாது, அப்படியே படுத்துக்கோ. நான் இங்கே நோட்டுல நாள் போட்டுக்கிட்டு வர்றேன். ஒரு நாளும் தவறக்கூடாது.

உங்கண்ணன் கொய்யாப்பழத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. கத்தி எடுத்து மெல்லிசா நறுக்கிக் குடுத்தாத்தான் வலது பக்கமாப் போட்டு மெல்லுவாரு. இத்தனை வருசமா இடது பக்கம் மெல்லறதே கிடையாது. போய் நறுக்கணும்.

இப்படிக்கு உன் நலம் ஒண்ணையே நினைக்கற
ரங்கநாயகி


வால்பாறை
28-9-2024

அன்புள்ள நங்கையாவுக்கு வணக்கம். நானும் அவரும் நல்லா இருக்கறோமுங்க. நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கறீங்க? கன்னுக்குட்டிக்குக் கழிச்சல் நின்னுதுங்களா?

உங்க கடுதாசியைத் தபால்காரர் குடுக்கும்போது பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா இருந்தாங்க. யாருகிட்ட இருந்துன்னு கேட்டாங்க, எங்க நங்கையான்னு சொன்னேன். அவங்க திருநெல்வேலிப் பக்கம். நங்கையாங்கறது ஏதோ சாமி பேருன்னு நினைச்சுக்கிட்டாங்க. அண்ணன் சம்சாரமுங்கன்னு விளக்கிச் சொன்னேன். "அண்ணன் சம்சாரம் இந்தக் காலத்துல கடுதாசி எழுதுதுன்னா அது சாமிதான்"னாங்க.

பஞ்சாமிர்தம் இன்னைக்கு ஒம்பதாம் நாளுங்க. காலையில எது தின்னாலும் வாந்தி வந்திருது, இது ஒண்ணுதான் வயித்துல நிக்குது. நீங்க சொன்னபடி கொப்புளிக்காமத்தான் படுக்கறேன். அவரு பங்கு கேட்டாரு. மண்டலம் எனக்குத்தான், உங்களுக்கு இல்லைன்னு டப்பாவை ஒளிச்சு வச்சுட்டேன்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் அன்புக்கரசி அக்கா மாசம் ஒரு தடவை எடை பார்க்க வருவாங்க. ஈறைப் பார்த்துட்டு, மாசமா இருக்கும்போது ஈறு வீங்கறது சகஜம்தான், ஆனா பல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்கன்னாங்க. நான் சரின்னு தலையாட்டி வச்சேன். கீழ்வரிசையில இடது பக்கம் கடைசிப் பல்லுல கொஞ்சம் கூச்சம் இருக்குங்க. கொஞ்சம்தான். கிராம்பு வச்சிருக்கேன்.

போன் சிக்னல் டீ பேக்டரி வளைவுலதான் கிடைக்குது. அங்க நின்னு பேசினா ஊரே கேக்கும். எழுதறதே நல்லா இருக்குங்க.

உங்க கைச்சோறு தின்னு வளர்ந்த
பிரியா


பழனியாண்டவர் துணை

வெள்ளகோவில்
10-10-2024

அன்புள்ள அம்மணிக்கு, இங்கே எல்லாரும் சுகம். கன்னு துள்ளிக்கிட்டுத் திரியுது. அங்கே மழை கூடுதல்னு செய்தியில சொன்னாங்க, பாசி பிடிச்ச படியில பார்த்து நட.

இன்னைக்கு உனக்கு இருபத்தி ஒண்ணாம் நாள். நோட்டுல பார்த்தேன், ஒரு நாள் விடாம வந்திருக்கு. இன்னும் இருபத்தேழு.

கொஞ்சம் கூச்சம்னு எழுதியிருக்கே. நான் உன்னைப் பதினோரு வயசுல இருந்து பார்க்கறேன். முழங்கால் சிதைஞ்சு ரத்தம் ஒழுகும்போதும் கொஞ்சம்தான்னு சொன்னவ நீ. எவ்வளவுங்கறதை இந்தக் கடுதாசிக்குப் பதில்ல சரியா எழுது. கிராம்புத் தைலம் சின்னக் குப்பி அனுப்பறேன், பஞ்சுல ரெண்டு சொட்டு தொட்டு வையி.

நர்ஸம்மா நல்லவங்களா இருக்கலாம். ஆனா அவங்க நம்ம வீட்டுக் கதையைப் பார்த்தவங்க இல்லை. புள்ளை அசைய ஆரம்பிச்சதும் எழுது. நான் அந்தத் தேதியை நோட்டுல குறிச்சுக்கோணும்.

மாப்பிள்ளைக்கு ஒரு டப்பா தனியா அனுப்பினா உன்னை விட்டுருவாராமா? கேட்டுச் சொல்லு.

உன் நங்கையா


வால்பாறை
19-10-2024

அன்புள்ள நங்கையாவுக்கு வணக்கமுங்க. அண்ணனையும் உங்களையும் சுகமா வச்சிருக்கச் சொல்லித்தான் நானும் சாமி கும்பிடறேன்.

முதல்ல நல்ல செய்தி. பதினாலாம் தேதி திங்கக்கிழமை புள்ளை அசைஞ்சுதுங்க. மீனுக்குஞ்சு வாலாட்டின மாதிரி. குறிச்சுக்கோங்க.

இனி மத்ததைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம்னு எழுதினது பொய். அப்பவே வலதுபக்கம் மட்டும்தான் மென்னுக்கிட்டிருந்தேன். இப்போ தாடை நெல்லிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்குது. வாய் ரெண்டு விரல் அகலத்துக்கு மேல திறக்கலை. கஞ்சியைக் கூட டம்ளர்ல சாய்ச்சு ஊத்திக்கறேன். பஞ்சாமிர்தத்தை இருபத்தி மூணாம் நாளோட நிறுத்திட்டேன். அது பட்டாலே பல்லுக்குள்ள ஊசி இறக்கின மாதிரி இருக்குதுங்க. சாமிகிட்ட நானே மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்.

அன்புக்கரசி அக்கா பார்த்துட்டு நேரடியாவே சொன்னாங்க. உள்ள சீழ் வச்சிருக்கு, பொள்ளாச்சிக்குப் போயி எடுத்துருங்க, அஞ்சாம் மாசம் இதுக்குத் தோதான சமயம், தள்ளிப்போடறதுலதான் ஆபத்துன்னு. அவரு அன்னைக்கே லீவு எழுதப் போயிட்டாரு. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். அண்ணனுக்கு போன் பண்றேன்னாரு, அதையும் தடுத்துட்டேன். பல்லுன்னு கேட்டா அண்ணன் என்ன ஆவாங்களோ.

நங்கையா, எங்கம்மா பெத்தாங்க, நீங்க வளர்த்தீங்க. நீங்க போன்னு ஒரு வார்த்தை எழுதினா போறேன். நீங்க சொல்லாமப் போயி ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க முகத்துல நான் எப்படி முழிக்கறது? போகாம இருந்து ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு முகத்துல முழிக்கறது, அதுவும் தெரியலை. சீக்கிரம் பதில் போடுங்க.

பிரியா


பழனியாண்டவர் துணை

வெள்ளகோவில்
24-10-2024

சண்முகப்பிரியாவுக்கு,

போகாதே.

இருபத்தி மூணு நாள் விரதத்தைப் பாதியில விட்டுப்போட்டு வீக்கம் வந்துருச்சுன்னு எழுதறே. விட்டதனாலதான் வந்துச்சோ என்னமோ. மஞ்சள் அரைச்சு வெளியில பத்துப் போடு. வேப்பங்கொழுந்து மெல்லு. டப்பாவை எடுத்து விட்ட இடத்துல இருந்து ஆரம்பி.

உனக்கு வலிக்கறது எனக்கு வலிக்கலைன்னு நினைக்காதே. ஆனா பல்லு வலியில யாரும் சாகறதில்லை. அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வெறுங்கையோட வந்தபோது உங்கம்மா வாசல்ல நின்னுக்கிட்டு உங்கண்ணனைப் பார்த்து "நீதாண்டா கொன்னுபோட்டே"ன்னாங்க. பத்துப் பேர் நின்னாங்க. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. பதினாறு வருசமா அந்த முகத்தைத்தான் நான் பார்த்துக்கிட்டு இருக்கேன். அவரு மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லை. ஆனா அந்த முகம் மாப்பிள்ளைக்கு வரக்கூடாது.

ரங்கநாயகி


வால்பாறை
31-10-2024

நங்கையாவுக்கு வணக்கம். எல்லாரும் சுகமுங்களா?

எனக்கு நாலு நாள் காய்ச்சல் இருந்துச்சுங்க. எஸ்டேட் டாக்டர் மாத்திரை குடுத்ததுல காய்ச்சல் விட்டுது, வீக்கம் பாதி வடிஞ்சுது. மாத்திரை முடிஞ்சதும் திரும்ப வரும், பல்லு உள்ள இருக்கற வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கும்னு அன்புக்கரசி அக்கா சொல்றாங்க. வர்ற பதினாலாம் தேதிக்கு அவரு லீவு வாங்கி வச்சிருக்காரு. அதுக்கு மேல நான் சொல்றதைக் கேக்கமாட்டேன்னு சொல்லிட்டாரு.

உங்க கதையை அன்புக்கரசி அக்காகிட்டச் சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "பல்லை எடுக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்கு எத்தனை நாளா காய்ச்சல் இருந்துச்சு? புள்ளை கடைசியா என்னைக்கு அசைஞ்சுது?"

எனக்குத் தெரியலைன்னேன். அந்த வயசுல எனக்கு என்ன தெரியும்? ஆனா உங்களுக்குத் தெரியுமுங்க. பால் எத்தனை படி கறந்துச்சுங்கறதுல இருந்து நான் பள்ளிக்கூடம் போகாத நாள் வரைக்கும் நோட்டுல எழுதி வச்சவங்க நீங்க. அந்த வருசத்து நோட்டு பரண் மேல நீல டிரங்குப் பெட்டியில அடியில இருக்குது. என் கல்யாணத்தப்போ வெள்ளையடிக்கும்போது நான்தான் அடுக்கி வச்சேன். திறந்து பார்க்கலை, சத்தியமா. அட்டை மேல வருசம் மட்டும்தான் படிச்சேன்.

எடுத்துப் பார்த்து எழுதுவீங்களா?

பிரியா


வால்பாறை
7-11-2024

நங்கையா, உங்ககிட்ட இருந்து பதில் காணோமுங்க. தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்லயே நிக்கறேன். கேக்கக்கூடாததைக் கேட்டுட்டேனோன்னு இருக்குது. வீக்கம் மறுபடி வந்திருச்சு. புள்ளை நல்லா அசையுது, அது ஒண்ணுதான் தைரியம். ஒரு வரி போடுங்க, திட்டியாவது.

பிரியா


பழனியாண்டவர் துணை

வெள்ளகோவில்
10-11-2024

என் கண்ணு பிரியாவுக்கு,

முதல்லயே சொல்லிடறேன். போ. இந்தக் கடுதாசி கைக்கு வந்த மறுநாளே போ.

உன் கடுதாசி நாலாம் தேதி வந்துச்சு. அன்னைக்கே பரண் ஏறி நோட்டை எடுத்தேன். ஆறு நாளா தலைமாட்டுல வச்சிருக்கேன். எழுத உட்கார்ந்தா கை வரலை.

அந்தக் காலத்துல ஒரு பழக்கம் வச்சிருந்தேன். புள்ளை அசைஞ்சா நோட்டுல ஒரு புள்ளி வைப்பேன். அஞ்சாவது படிப்போட நின்னவளுக்கு எழுத்தை விடப் புள்ளி சுலபம். இப்போ நோட்டைப் பார்த்து, இருக்கறது இருக்கறபடி எழுதறேன்.

ஆனி 29. பல்லு வலி. கிராம்பு.
ஆடி 4. தாடை வீக்கம். ராத்திரி காய்ச்சல். அத்தைக்குத் தெரியாது.
ஆடி 9. காய்ச்சல். ஆடி வெள்ளி விரதம். புள்ளி பன்னெண்டு.
ஆடி 11. காய்ச்சல். புள்ளி ஏழு.
ஆடி 12. புள்ளி மூணு.
ஆடி 13. புள்ளி ஒண்ணு.
ஆடி 14. தேதி மட்டும் இருக்கு.
ஆடி 15. தேதி மட்டும் இருக்கு.
ஆடி 16. பல்லு எடுத்தது.

ஆடி பதினெட்டு உனக்குத் தெரியும்.

கண்ணு, பல்லு எடுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே புள்ளி நின்னு போச்சு. எழுதினது என் கைதான். விரதம் முடியட்டும், முருகன் பார்த்துக்குவான்னு யாருகிட்டயும் சொல்லலை. காய்ச்சலைச் சொன்னா விரதத்தை விடச் சொல்லுவாங்கன்னு அதையும் மறைச்சேன். ஆடி பதினாறு அன்னைக்கு உங்கண்ணன் தோட்டத்துல இருந்து வந்தவரு என் முகத்தைப் பார்த்துட்டு, உங்கம்மா தடுக்கத் தடுக்க என்னைத் தூக்கி மொபெட்டுல வச்சாரு. அந்த வீட்டுல என்னைக் கண் திறந்து பார்த்தது அவரு ஒருத்தருதான்.

வாசல்ல உங்கம்மா அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் பக்கத்துலதான் நின்னேன். "இல்லீங்க அத்தை, ரெண்டு நாளாவே அசைவு இல்லீங்க"ன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா, ஏன் முன்னாடியே சொல்லலைன்னு அந்த விரல் என் பக்கம் திரும்பும். சொல்லலை. அன்னைக்குச் சொல்லாதது மறுநாள் இன்னும் கஷ்டமாப் போச்சு. அப்படியே பதினாறு வருசம். மறந்துட்டேன்னு சொன்னா அது பொய். அந்தப் பக்கமே நினைப்பைத் திருப்பாம இருந்தேன். பஞ்சாமிர்தத்தைக் கொப்புளிக்காமப் படுன்னு சொன்னதும் நான், விரதத்தை விட்டதனால வந்துச்சுன்னு சொன்னதும் நான். என்னை மன்னிச்சுக்கோன்னு எழுத வாய் கூசுது. நீ நல்லபடியாப் போயிட்டு வா, அப்புறம் மன்னிக்கலாம்.

இந்தக் கடுதாசியைத் தபால்ல போடலை. உனக்கு உடம்பு சரியில்லை, போயிட்டு வாங்கன்னு உங்கண்ணன் கையில குடுத்து நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு அனுப்பறேன். உறையை ஒட்டலை. தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி, அப்புறம் மலை. எத்தனை மணி நேரம்னு எனக்குத் தெரியும். நேர்ல சொல்லத்தான் எனக்கு முடியலை.

ரங்கநாயகி


வால்பாறை
15-11-2024

அன்புள்ள நங்கையாவுக்கு வணக்கமுங்க. நான் சுகம். புள்ளை சுகம். பல்லு போயிருச்சு. இதை முதல்ல படிச்சுட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு மீதியைப் படிங்க.

அண்ணன் திங்கக்கிழமை சாயங்காலம் வந்தாங்க. சட்டைப் பையில இருந்து கடுதாசியை எடுத்துக் குடுத்தாங்க. உறை ஒட்டியிருந்துச்சுங்க. சோத்துப் பருக்கை வச்சு ஒட்டினது. பொள்ளாச்சி மெஸ்ஸுல சாப்பிட்டேன்னாங்க. நான் உள்ள போயி படிச்சுட்டு முகம் கழுவிட்டு வந்தப்போ, "காலையில எத்தனை மணிக்கு பஸ்ஸு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அவருக்கு லீவு பதினாலாம் தேதிதாங்கறதால அண்ணன் கூடத்தான் இறங்கினேன். நாப்பது வளைவுலயும் ஒரு கையால ஜன்னல் கம்பியையும் மறு கையால என் தோளையும் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. டாக்டர் பேரு சாஜிதா பேகம். பல்லைத் தட்டிப் பார்த்துட்டு, "இதை வச்சுக்கிட்டு எப்படிம்மா இத்தனை நாள் இருந்தீங்க?"ன்னாங்க.

அண்ணனை வெளிய உட்காரச் சொன்னாங்க. போகலை. "ஏனுங்கம்மா, பல்லை எடுத்தா வயித்துல இருக்கற புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க. மரத்துப்போற ஊசியும் இவங்களுக்கு ஒத்துக்கறதுதான். சீழை உள்ளயே வச்சுக்கிட்டு இருக்கறதுதான் ஆபத்து."

கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாங்க. அதையே வார்த்தை மாறாமக் கேட்டாங்க. டாக்டரம்மா சலிச்சுக்காம அதையே சொன்னாங்க. மறுபடியும் நின்னாங்க. மூணாவது தடவை வேற மாதிரிக் கேட்டாங்க.

"எடுக்கறதுக்கு முன்னாடியே ஆகிப்போயிருந்தா?"

டாக்டரம்மா கையில இருந்ததைக் கீழ வச்சுட்டு அண்ணனைப் பார்த்தாங்க. "எதனால ஆச்சுன்னு இப்போ யாராலயும் சொல்ல முடியாதுங்க ஐயா. ஆனா முன்னாடியே ஆகியிருந்தா, பல்லை எடுத்ததனால ஆகலை."

"சரிங்க"ன்னு வெளிய போனாங்க.

எனக்கு ஊசி போட்டப்புறம் ஒண்ணும் தெரியலைங்க. கால் மணி நேரம்கூட ஆகலை. அப்புறம் பிரசாதத்தைப் பத்திக் கேட்டேன், கேக்கணும்னே மனசுல வச்சிருந்தேன். அவங்க சிரிக்கலை. "சாமி பிரசாதம் சாப்பிடுங்க. ஆனா படுக்கறப்ப வேண்டாம், பகல்ல சாப்பாட்டோட சாப்பிடுங்க. துப்பக்கூடாதுன்னா தண்ணியைக் கொப்புளிச்சு முழுங்கிருங்க. படுக்கறதுக்கு முன்னாடி பல் விளக்கிருங்க"ன்னாங்க. வாந்தி எடுத்தவுடனே பல் தேய்க்காதீங்க, முதல்ல தண்ணியில கொப்புளிங்கன்னும் சொன்னாங்க.

ரெண்டு நாள் கிணத்துக்கடவுல மாமியார் வீட்டுல தங்கினோம். மாமியாருக்கு விசயம் முன்னாடி தெரியாது. அண்ணனைப் பார்த்து, "வயித்துப் புள்ளைக்காரிக்கு யாராச்சும் பல்லு எடுப்பாங்களா, என்ன மனுசங்க நீங்க?"ன்னு வாசல்லயே பிடிச்சுக்கிட்டாங்க. அண்ணன் தலையைக் குனிஞ்சுக்குவாங்கன்னு நினைச்சேன். குனியலைங்க. "நல்லா விசாரிச்சுத்தானுங்க எடுத்தோம். நான் கூடவே இருந்தேனுங்க"ன்னாங்க. சத்தமா இல்லை. மாமியார் காப்பி போட உள்ள போயிட்டாங்க.

நேத்து மலையேறி வரும்போது நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன். அப்பப்ப, "அம்மணி, அசையுதா?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கண்ணான்னு சொல்லுவேன். ஒரு தடவை கண் திறந்து பார்த்தா, பஸ் டிக்கெட்டைத் திருப்பி முழங்கால் மேல வச்சுப் பேனாவுல புள்ளி வச்சுக்கிட்டிருந்தாங்க. நான் மறுபடி கண்ணை மூடிக்கிட்டேன். எத்தனை புள்ளின்னு கேக்கலை.

இன்னைக்குக் காலையில கிளம்பிட்டாங்க. இந்தக் கடுதாசிக்கு முன்னாடியே வந்திருவாங்க.

பிரியா


பழனியாண்டவர் துணை

வெள்ளகோவில்
21-11-2024

என் கண்ணுக்கு, தண்ணி குடிச்சேன். ரெண்டு சொம்பு.

உங்கண்ணன் வந்தாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டினாரு. கை கால் கழுவிட்டு உள்ள வந்து, தலைமாட்டுல இருந்த நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, டிக்கெட்டை நடுவுல வச்சு மூடினாரு. அந்தப் பக்கம் எங்கே இருக்குன்னு தேடலை. தானே விரிஞ்சுது, நான் அத்தனை தடவை திறந்திருந்தேன்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, "உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்"ன்னேன். "ம்"னாரு. அப்புறம், "அத்தனை காய்ச்சலோடவா சோறு ஆக்கினே?"ன்னு கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். ராத்திரிக்குச் சோறு உண்டாரு. எப்பவும் போல வலது பக்கமாத்தான்.

புள்ளி இருபத்தி ஆறு. நீ கேக்கலைன்னாலும் சொல்றேன்.

ஒம்பதாம் மாசம் வந்து கூட்டியாறோம். உடம்பைப் பார்த்துக்கோ.

ரங்கநாயகி


வால்பாறை
5-10-2025

அன்புள்ள நங்கையாவுக்கும் அண்ணனுக்கும் வணக்கமுங்க. உங்க வீட்டுல அஞ்சு மாசம் உட்கார்ந்து தின்னுட்டு வந்ததுல இங்க எந்தத் துணியும் எனக்குப் பத்தமாட்டேங்குது.

பாப்பா தேஜா தவழறா. டாக்டரம்மா சொன்ன மாதிரி பால் குடிச்சதும் ஈரத்துணியால ஈறைத் துடைச்சு விடறேன். விரலைக் கடிக்கறா. தூங்கும்போது வாயில பால் புட்டி வைக்கறதில்லை. மாமியார் நாக்குல தேன் தொட்டு வைக்கப் பார்த்தாங்க. ஒரு வயசு ஆகற வரைக்கும் கூடாதுங்கன்னு அவரே சொல்லி வாங்கி வச்சுட்டாரு.

நேத்து முதல் பல்லு தெரிஞ்சுதுங்க. மறைக்கக்கூடாதுன்னு எழுதறேன். மேல்பல்லு. முதல்ல மேல்பல்லு முளைச்சா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்களே. கீழ்ப்பல்லுன்னு எழுதிரலாமான்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். நாம ரெண்டு பேரும் மறைச்சது போதுமுங்க. பரிகாரம் ஏதாச்சும் செய்யணும்னா சொல்லுங்க.

பிரியா


பழனியாண்டவர் துணை

வெள்ளகோவில்
17-10-2025

என் கண்ணு பிரியாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம். தேஜாக்குட்டிக்கு ரெண்டு கன்னத்துலயும் முத்தம். நாங்க சுகம். சுகத்தைப் பத்தி எழுத இந்தத் தடவை ஒண்ணு இருக்கு.

உன் கடுதாசியைப் படிச்சதும் நேரா விளக்குப் பத்த வைக்கப் போனேன். பழகின பயம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? பூசாரியைப் பார்த்துட்டு வந்தப்புறம் உங்கண்ணன்கிட்டச் சொல்லலாமான்னு நினைச்சேன். அப்புறம் கடுதாசியை அப்படியே அவரு கையில குடுத்துட்டேன்.

படிச்சாரு. மடிச்சாரு. தாடையைத் தடவிக்கிட்டு, "மருமக சரியாத்தான் சொல்றா. எனக்கு ஆகாத பல்லு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது"ன்னாரு.

எனக்கு விளங்கலை. அப்புறம்தான் சொன்னாரு. இடது பக்கக் கடவாப்பல்லு சொத்தை. அந்த ஆடிக்கு அடுத்த தையில இருந்து வலி. நான் பழக்கம்னு நினைச்சுக்கிட்டு பதினேழு வருசமா கொய்யாப்பழம் நறுக்கிக் குடுத்திருக்கேன். "ஏங்க போயிக் காட்டலை?"ன்னு கேட்டேன். "உன்னைக் கூட்டிப்போயி உட்கார வச்ச நாற்காலி. நான் எப்படிப் போயி உட்காருவேன்?"ன்னாரு.

திங்கக்கிழமை கூட்டிக்கிட்டுப் போனேன். நான் கூட்டிக்கிட்டுப் போனேன் அம்மணி, பஸ்ஸுல, கையைப் பிடிச்சு. வெளிய உட்காருங்கம்மான்னாங்க. உள்ளயே நின்னேன். சொத்தையைச் சுத்தம் பண்ணி அடைச்சு விட்டாங்க.

அந்தப் பக்கம் மெல்லலாம்னு டாக்டர் சொன்ன நாள் இன்னைக்குத்தான். மத்தியானம் கொய்யாப்பழமும் கத்தியும் எடுத்துக்கிட்டு வந்தேன். பழத்தை மட்டும் வாங்கிக்கிட்டாரு. முழுசா வாயில வச்சுக் கடிச்சாரு, இடது பக்கம். விதை நொறுங்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

கத்தியைக் கழுவி வச்சுட்டு வந்து இதை எழுதறேன்.

ரங்கநாயகி